சிகர வரிசை

ரேணுகாம்பாளுக்கு விருது கிடைத்திருக்கும் செய்தியை இரண்டு பேர் நேரில் கொண்டுவந்தார்கள். தபாலில் அனுப்பினால் சிலர் கடிதம் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதால், சில வருஷங்களாகவே நாடக மன்றம் ஆளைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருவர் கவரை நீட்டினார். இன்னொருவர் அவள் அதை வாங்குகிறாளா என்று பார்த்தபடி நின்றார். வாங்கியதும் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, "காலை பத்து இருபது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். வாழ்த்துச் சொல்ல இருவருமே மறந்துவிட்டார்கள்.

அது 1979 சித்திரை. ரேணுகாம்பாளுக்கு முப்பத்தெட்டு வயது. திருவண்ணாமலையைச் சுற்றி இருபது மைலில் எந்த ஊர் இளவட்டங்கள் நாடகம் போட்டாலும் கதாநாயகி அவள்தான். ஊர்ப் பெண்கள் யாரும் மேடை ஏற மாட்டார்கள். ஆண்பிள்ளைகள் மூன்று மாதம் ஒத்திகை பார்ப்பார்கள். நாடகத்தன்று காலையில் ரேணுகாம்பாள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். வசன நோட்டை ஒரு தடவை புரட்டுவாள். கதாநாயகனைக் கூப்பிட்டு, "கையப் புடிக்கறப்ப நடுங்காதப்பா. நான் உன் பொண்டாட்டி, தாசில்தார் இல்ல" என்பாள். அவ்வளவுதான் அவள் ஒத்திகை. இருபது வருஷமாக அந்தத் தொழிலில்தான் அவளும் அக்கா சொர்ணாம்பாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கவருக்குள் இருந்த கடிதம் இப்படிச் சொன்னது: "அருணை நாடகக் கலை மேன்மை மன்றத்தின் பன்னிரண்டாம் ஆண்டு விருது விழாவில் தங்களைச் சிகரத்தில் ஏற்றுவதென்று தீர்மானிக்கப்பட்டுவிட்டது. விழாவன்று மாலை நான்கு மணிக்கு ரைஸ் மில் களத்துக்குத் தவறாமல் வந்திருந்து ஒத்துழைக்க வேண்டியது. இடைப்பட்ட நாட்களில் வெளியூர் செல்வதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்."

சொர்ணாம்பாள் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சால்வ போடுவாங்களா?"

"போடுவாங்க போல."

"போடட்டும். கூத்தாடிச்சி வூடுன்னு கொழாயடியில நம்ம குடத்த தள்ளி வெச்சாளுங்க இல்ல, அவளுங்க எல்லாம் வந்து பாக்கட்டும்" என்றாள் சொர்ணாம்பாள்.

அன்று சாயங்காலம் குணபாலன் வந்தார். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். பொழுது இறங்குவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமணக் குடும்பம். ஒரு காலத்தில் விடிய விடியக் காலி வயிற்றோடு ஊர் ஊராகச் சிரிக்க வைத்த கோமாளி வேஷக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு இதே விருது கிடைத்தது. அதற்கப்புறம் அவர் நடிக்கவில்லை. வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போய்விட்டது என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். ரேணுகாம்பாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வாங்கிட்டியா?" என்றார், வாசலில் நின்றபடியே.

"கடுதாசிதாண்ணே வாங்கினேன். உள்ள வாங்க."

"கையெழுத்து எதுனா போட்டியா?"

"இல்ல. டைம்தான் எழுதிகினு போனாங்க."

"அப்ப இன்னும் கொஞ்சம் இருக்குது" என்றார் குணபாலன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மடியிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். மன்றத்தின் முத்திரை போட்ட கடிதம். "சென்ற பன்னிரண்டாம் தேதி மாலை தேரடித் தெரு டீக்கடையில் தாங்கள் ஒரு பஸ் கண்டக்டரைப் போல் நடந்து காட்டியதாகவும், அதைக் கண்டு ஏழு பேர் சிரித்ததாகவும் மன்றத்துக்குத் தெரிய வருகிறது. இது விதி பதினான்கை மீறிய செயல் என ஏன் கருதக்கூடாது என்பதற்கு ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவும். சிரித்தவர்களின் பெயர்களை இத்துடன் இணைத்துள்ளோம்."

ரேணுகாம்பாள் சிரித்துவிட்டாள். குணபாலன் சிரிக்கவில்லை.

"இன்னாண்ணே இது, விதி பதினாலு?"

"விருதுப் பத்திரத்துக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கும். எல்லாரும் கண்ணாடி போட்டு மாட்டிடறோமா, அது செவுத்தப் பாத்துகினு இருக்கும். நான் படிச்சதே கண்ணாடி ஒடைஞ்ச அப்புறந்தான்."

விதி பதினான்கு பிறந்த கதையை அவர் சொன்னார். மன்றம் முதல் விருதை இராமலிங்கம் என்ற ராஜா வேஷக்காரருக்குக் கொடுத்தது. விருது வாங்கிய மூன்றாவது வாரம் அவலூர்பேட்டையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலு வரி மறந்துவிட்டது. கூட்டத்தில் எவனோ, "இதுக்கா விருது குடுத்தானுங்க" என்று கேட்டான். மன்றத் தலைவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. செயற்குழு கூடியது. விருது பெற்றவர் தாம் எய்திய சிகரத்திலிருந்து இறங்கி, மன்றத்தின் மாண்பு குறையும் வண்ணம் மீண்டும் நடிக்கலாகாது என்று விதி செய்தார்கள். இராமலிங்கம் கேட்கவில்லை. அடுத்த தையில் ஒரு கிராமத்தில் வேஷம் கட்டினார். நாடகம் தொடங்க நாலு நாழிகை இருக்கையில் ஆட்கள் வந்து அரண்மனையைச் சுருட்டினார்கள், காட்டைச் சுருட்டினார்கள், மைக்செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திருவண்ணாமலை வட்டாரத்தில் சீன் படுதா, மைக்செட், கிரீடம், வாள் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும் கடை ஒன்றுதான். அது மன்றத் தலைவர் தண்டாயுதபாணியின் கடை. அந்தக் கிராமத்துக்கு மூன்று வருஷம் சீன் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு மைக்கும் இல்லை. ஊர்க்காரர்களே இராமலிங்கத்தைக் கண்டால் வேறு தெருவில் திரும்ப ஆரம்பித்தார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, செத்துட்டாரு" என்றார் குணபாலன். "ஆனா விழாவுக்கு இன்னும் வராரு. நீயே பாப்ப."

ரேணுகாம்பாள் ஆடி மாதத்துக்கு நாலு ஊரில் வெற்றிலை பாக்கு வாங்கி ஒப்புக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தண்டாயுதபாணியின் கடைக்குப் போனாள்.

கடை நீளமான ஒரு கிடங்கு. சுருட்டிய படுதாக்கள் மூங்கில் மூங்கிலாக மேலே தொங்கின. தண்டாயுதபாணி அரண்மனைப் படுதாவை விரித்துவிட்டு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படித்தான் உட்காருவார். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளை மனசு. அவருக்கும் ஒரு நாடகக் குழு உண்டு. வருஷா வருஷம் விருது விழா முடிந்ததும் அந்தக் குழு ஒரு ராஜா நாடகம் போடும். ராஜா அவர்தான். பக்கத்து மேஜையில் மன்றச் செயலாளர் வேடியப்பன் இருந்தார். ஏதோ ஒரு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு விருது வேணாங்க" என்றாள் ரேணுகாம்பாள். "வேற யாருக்காச்சும் குடுங்க. நான் கூலிக்கு நடிக்கிறவ. எனக்கு எதுக்குங்க செகரமெல்லாம்."

தண்டாயுதபாணி செயலாளர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா வேடியப்பன்? இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

வேடியப்பன் ஒரு படிவத்தைப் புரட்டி, "தன்னடக்கம், உண்டு. ஐந்து மதிப்பெண்" என்று எழுதினார்.

"அடக்கம் இல்லைங்க. நெசமாத்தான் வேணாம்."

"கூடுதலாக இரண்டு" என்றார் வேடியப்பன்.

"நடிக்காம நான் எப்படிங்க பொழைக்கிறது?"

"பொழப்பா?" என்றார் தண்டாயுதபாணி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. "அம்மா, உன்ன நான் பட்டிக்காட்டுல வெக்கப்போரு பக்கத்துல பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நடிக்க வுடுவனா? நீ எங்க இருக்க வேண்டியவ? எனக்கு மட்டும் ஆச இல்லன்னு நெனைக்கிறியா? பன்னண்டு வருஷமா அடுத்தவங்க தோள்லதான் சால்வ போட்டுகினு வரேன். என் தோளு இன்னும் காலியாத்தான் கீது." அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அந்த மனிதர் மேல் அவளால் கோபப்பட முடியவில்லை.

அவள் திரும்பும்போது வேடியப்பன் எழுதுவதை நிறுத்தாமல் சொன்னார். "உங்க அக்காவுக்குச் சந்தோஷம் தானேங்க? தெருவுல சொல்லிட்டாங்களாமே. நல்லது. சொன்னப்புறம் வாங்காம இருந்தா தெரு இன்னா நெனைக்கும்."

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளுக்கு நாடகம் இருந்தது. கெடுத்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். வசனத்தை மறப்பது, முதுகைக் காட்டுவது, அழ வேண்டிய இடத்தில் கொட்டாவி விடுவது. இப்படி ஒரு நாடகம் போதும், விருது தானாகக் கைவிட்டுப் போய்விடும். கூட்டம் கல்லெறிந்தால் இன்னும் நல்லது. மன்றத்தின் நடுவர்கள் இரண்டு பேர் முன் வரிசையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் காட்சியில் இரண்டு வரியை விழுங்கினாள். திரைக்குப் பின்னாலிருந்து நோட்டைப் பார்த்து எடுத்துக்கொடுப்பவன் பதறிப்போய் உரக்கக் கத்தினான். நடுவர்களில் ஒருவர் மதிப்பெண் தாளில் எதையோ அடித்தார். சரி, நடக்கிறது என்று நினைத்தாள். மூன்றாவது காட்சி, ஜெயிலுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் காட்சி. அவள் வேண்டுமென்றே கூட்டத்தைப் பார்த்து மரம் மாதிரி நின்றாள். மண்ணில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையோடு, அவளை அண்ணாந்து பார்த்து, நாடகம் என்பதே மறந்துபோய், "யக்கா, அவரு வந்துடுவாரு இல்ல?" என்று கேட்டாள்.

நோட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ரேணுகாம்பாள் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து, "தெரியலம்மா. வெளக்க மட்டும் அணைக்காம வெச்சிருக்கேன்" என்றாள். கூட்டத்தில் பெண்கள் முந்தானையை எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் பீடியைக் கீழே போட்டார்கள். அதற்குமேல் அவளால் கெடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்காக நடித்தாள். முடிந்தபோது நடுவர்கள் இருவரும் அழுதுகொண்டே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விழா அக்னி நட்சத்திரத்தில். வருஷா வருஷம் அப்போதுதான். ரைஸ் மில் களத்தில் தகரப் பந்தல். மேடைக்கு எதிரே முதல் வரிசை நாற்காலிகளுக்கு மேல் "சிகர வரிசை" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. முன்னால் விருது வாங்கிய பதினொரு பேரும் வருஷம் தவறாமல் அங்கே உட்கார வேண்டும், அன்று போட்ட சால்வையைப் போர்த்திக்கொண்டு. வாசலில் வருகைப் பதிவேடு. ரேணுகாம்பாள் அக்காவோடு உள்ளே வந்தபோது ஏழு பேர் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாலு நாற்காலிகளில் சால்வைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. நாற்காலியின் முதுகில் மடிப்புக் கலையாமல் போர்த்தி, மடியில் ஒரு ரோஜாப்பூ. முதல் நாற்காலியில் இராமலிங்கம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. பன்னிரண்டாவது நாற்காலியில் அவள் பெயர் எழுதிய சீட்டு, பசை காயாமல் இருந்தது.

குணபாலன் பக்கத்தில்தான் இருந்தார். அவள் உட்கார்ந்ததும், முகத்தைத் திருப்பாமல், "கை தட்டாத" என்றார்.

"ஏண்ணே?"

"தட்டறப்ப மூஞ்சில நடிப்பு வந்துடுதாம். போன வருஷம் ரெண்டு பேருக்கு நோட்டீஸ்."

நாலு மணி விழா ஆறு மணிக்குத் தொடங்கியது. குணபாலன் மேற்கே சாயும் வெயிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அன்றைய சாப்பாடு அவருக்குப் போயிற்று. மில் கேட்டைச் சாத்திப் பூட்டினார்கள். விருதுக்குப் பிறகு நடக்கும் ராஜா நாடகத்துக்குக் கூட்டம் இருக்க வேண்டும் என்பதால் சில வருஷங்களாக இந்த ஏற்பாடு.

சிறப்பு விருந்தினர் ஓர் எண்ணெய் மில் முதலாளி. அவர் மனம் திறந்து பேசினார். "நான் இதுவரை ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஆகையால் யாரிடத்திலும் எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. எல்லோரையும் ஒரே அளவில் பாராட்டக்கூடிய தகுதி எனக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி."

அடுத்து வேடியப்பன் ஆண்டறிக்கை வாசித்தார். மைக்கில்கூட அவர் குரல் மெதுவாகத்தான் வந்தது. "இம்மன்றம் தொடங்கப்பட்டபோது, மேடையில் நின்றால் ஊரையே கலங்க வைக்கக்கூடிய கலைஞர்கள் இந்த வட்டாரத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கவனிப்பாரற்று, கிராமம் கிராமமாக நடித்துக்கொண்டு திரிந்தார்கள். மன்றத்தின் அயராத உழைப்பால் அவர்களில் பதினொருவர் இன்று எங்கும் நடிப்பதில்லை. ஒருவர்தான் பாக்கி. இன்றோடு அந்தக் குறையும் தீர்கிறது. அடுத்த ஆண்டு முதல் மன்றம் நாதஸ்வரக் கலைஞர்களையும் கவனிக்க உத்தேசித்துள்ளது."

கூட்டம் கை தட்டியது. சிகர வரிசை அசையவில்லை.

ரேணுகாம்பாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை ஒரு தட்டில் இருந்தது, கேடயம் ஒரு தட்டில். மூன்றாவது தட்டில் உறுதிமொழிப் பத்திரமும் பேனாவும். முதலில் ஏற்புரை, அதை மன்றமே டைப் அடித்துக் கொடுத்திருந்தது. அவள் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மேடையைச் சுற்றிப் பார்த்தாள். கீழே சொர்ணாம்பாள் கல்யாணப் பட்டில் வந்திருந்தாள். குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மேடையின் ஓரத்து நாற்காலியில் தண்டாயுதபாணி, நாடகத்துக்காக இப்போதே ராஜா வேஷம் போட்டு, மடியில் கிரீடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேர், ஒருவர்தான் பாக்கி என்று செயலாளர் வாசித்தபோது அந்த ரோஸ் பவுடர் முகத்தில் ஏதோ சுருங்கியதை அவள் கீழே இருந்தே பார்த்திருந்தாள். முகத்தைப் படிப்பது அவள் தொழில். கணக்கில் தன்னைச் சேர்க்கவில்லையே என்ற சுருக்கம் அது.

"பெருமதிப்பிற்குரிய மன்றத்தார்க்கு" என்று ஒரு வரி படித்தாள். காகிதத்தை மடித்தாள்.

"செயலாளர் ஐயா கணக்குல ஒரு ஆள விட்டுட்டாருங்க" என்றாள். "பன்னண்டு பேர் இல்ல, பதிமூணு. பன்னண்டு வருஷமா ராஜாவா நிக்கிறவரு ஒருத்தரு இங்கியே இருக்காரு. ஊருக்கெல்லாம் சால்வ போட்டுட்டு அவரு தோளு மட்டும் காலியா கீது. அவரு இருக்கறப்ப நான் முன்னாடி வாங்கினா, எனக்கு அது ஒட்டுமாங்க? இந்த வருஷம் தலைவருக்குத்தான் போடணும். நீங்க இன்னா சொல்றீங்க?"

கடைசி வாக்கியத்தைக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். இருபது வருஷம் கூட்டத்தைக் கையில் வைத்திருந்தவள். எங்கே குரலை நிறுத்தினால் கை தட்டல் விழும் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தது. பூட்டிய கேட்டுக்குள் வெந்துகொண்டிருந்த ஜனம், எதுவாவது நடந்து சீக்கிரம் முடிந்தால் சரி என்று தட்டியது. எண்ணெய் மில் முதலாளி, மணி எட்டைத் தாண்டிவிட்டதால், எழுந்தே நின்று தட்டினார்.

தண்டாயுதபாணி எழுந்து, "ஐயோ, வேணாம், வேணாம்" என்றார். மறுபடி வேண்டாம் என்றார்; அது முதல் தடவையைவிட மெதுவாக இருந்தது. மூன்றாம் தடவை உதடு மட்டும் அசைந்தது.

வேடியப்பன் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் புரட்டினார். "தலைவருக்கு விருது வழங்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை" என்றார். அவர் குரலில் மாற்றமே இல்லை. ஆனால் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

சால்வை விழுந்தது. பத்திரத்தைத் தலைவர் படிக்கவில்லை. அதிலிருந்த ஒவ்வொரு வரியும் அவர் எழுதியதுதான். கண்ணீர் மறைத்ததால் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. வேடியப்பன் விரல் வைத்துக் காட்டினார். போட்டார். மை காய வேடியப்பன் ஊதினார்.

"அடுத்து நம்ம நாடகம்" என்று தண்டாயுதபாணி கிரீடத்தை எடுத்துக்கொண்டு மைக்கைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா" என்றார் வேடியப்பன். "விதி பதினான்கு."

தலைவர் சிரித்தார். செயலாளர் வேடிக்கையாகப் பேசி அவர் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் பேசுகிறார் என்று நினைத்தார். வேடியப்பன் கையை நீட்டியபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கிரீடத்துக்காக நீண்ட கை என்று அவருக்குப் புரிந்தது. இரண்டு ஆட்கள், கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற அதே இருவர், மேடையின் பின்னால் அரண்மனையைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். "நாடகம் ரத்து" என்று மைக்கில் அறிவிப்பு வந்ததும் கேட் திறந்தது. அன்று மாலை முழுவதும் எழாத ஆரவாரம் அப்போது எழுந்தது. தண்டாயுதபாணி அதை நின்று கேட்டார்.

அவரைக் கைப்பிடித்து இறக்கிப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரேணுகாம்பாள் பெயர் எழுதிய சீட்டு அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. குணபாலன் காலை மடக்கி இடம் விட்டார். "உக்காருங்கண்ணே. இங்க காத்து வராது. பழகிடும்."

வெளியே போகும் கும்பலில் வேடியப்பன் ரேணுகாம்பாள் பக்கத்தில் வந்தார். "அடுத்த வருஷம் உங்களுக்குத்தாங்க. தன்னடக்கத்துக்கு இன்னும் மூணு மார்க் ஜாஸ்தி போட்டிருக்கேன். நாதஸ்வரம் அதுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் சொர்ணாம்பாள் பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்தபடி, "கைக்கு வந்தத அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துட்ட. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு கொழாயடிக்குப் போவேன்?" என்றாள். ரேணுகாம்பாள் விதி பதினான்கைச் சொன்னாள். அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, "இருக்கட்டுமே. ஒரு நாளாச்சும் சால்வ போட்டிருப்பாங்க இல்ல" என்றாள். ரேணுகாம்பாள் புடவையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தாள்.

ஆடியில் நாலு ஊரிலும் நடித்தாள். வாடகைக்குச் சீன் வாங்கப் போன இளவட்டங்கள் வந்து சொன்னார்கள்: கடையில் இப்போது தண்டாயுதபாணி உட்காருவதில்லை. சிகரத்தில் இருப்பவர் படுதா சுருட்டிக்கொண்டும் வாடகை பேசிக்கொண்டும் இருப்பது மாண்புக்கு ஏற்றதல்ல என்று செயற்குழு தீர்மானம் போட்டு, கடையை வேடியப்பன் பார்த்துக்கொள்கிறாராம். அரண்மனைப் படுதாவை மட்டும் தண்டாயுதபாணி வீட்டுக்குக் கேட்டாராம். படுதாவுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பதும் ஒரு காட்சிதான் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆடி கடைசி வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். பின்கட்டில் சொர்ணாம்பாள் அக்கம்பக்கத்தில் விற்க அப்பளம் இட்டுப் பாயில் காயப்போட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தாள். வாசலில் தண்டாயுதபாணி வந்து நின்றார். இளைத்திருந்தார். அந்த வெயிலிலும் சால்வை தோளில் கிடந்தது.

"உள்ள வரலாமாம்மா?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் வந்து கதவைச் சாத்தினார். "ஒரு அஞ்சு நிமிஷம். நீ சும்மா பாத்துகினு நின்னா போதும். ஒத்த ஆளு பாத்தா அது நாடகம் இல்லன்னுதான் நெனைக்கிறேன். விதியில தேடிப் பாத்தேன், எத்தன பேரு பாத்தா நாடகம்னு நான் எழுதல."

ரேணுகாம்பாளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. அப்பளப் பாய்களுக்கு நடுவில் இருந்த இடத்தில் அவர் போய் நின்றார். நாட்டை இழந்த ராஜா காவல்காரனிடம் பேசும் வசனத்தைத் தொடங்கினார். அவர் மேடையில் அதைச் சொல்லி அவள் பல தடவை கேட்டிருக்கிறாள். வரிக்கு வரி கையை உயர்த்துவார், பந்தல் தகரம் அதிரும், ஜனம் நெளியும். இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் குரல் அடியிலிருந்து வந்தது. அப்பளத்தில் படக் கூடாது என்று கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். கிரீடம் இல்லை. காவல்காரன் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா" என்று ராஜா கேட்டபோது, ரேணுகாம்பாளின் கால் அவளை அறியாமல் பானைப் பக்கம் ஓரடி வைத்துவிட்டது.

முடித்துவிட்டு அவர் அவளைப் பார்த்தார்.

"அண்ணே" என்றாள். "இன்னைக்குத்தாண்ணே நீங்க நடிச்சீங்க."

தண்டாயுதபாணியின் முகம் வெளுத்தது. "மெதுவா, மெதுவா சொல்லும்மா" என்றார்.

அப்போது உள்ளே படுத்திருந்த சொர்ணாம்பாள் கை தட்டினாள். தூக்கம் கலைந்து, எல்லாவற்றையும் படுத்தபடியே கேட்டிருக்கிறாள். இருட்டறைக்குள்ளிருந்து இரண்டு கை நிறையத் தட்டினாள். அவர் அடிபட்டவர் மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ரெண்டு பேரு ஆயிட்டாங்களே" என்று முணுமுணுத்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்து தெருவில் இறங்கினார்.

தெருவில், வாசலுக்கு நேரே, வேடியப்பன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா எங்க இந்தப் பக்கம்?"

"அப்பளம் வாங்க வந்தேன்" என்றார் தண்டாயுதபாணி.

வேடியப்பன் அவருடைய இரண்டு வெறுங்கைகளையும் பார்த்தார். அதற்குள் ரேணுகாம்பாள் ஒரு கட்டு அப்பளத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். "இன்னாண்ணே நீங்க, கட்டி வெச்சத அப்படியே வுட்டுட்டு வந்துட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். மூச்சு வாங்கவில்லை, கை நடுங்கவில்லை. எந்தக் கூட்டமும் நம்பியிருக்கும்.

வேடியப்பன் அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"நல்லா இருந்துது" என்றார். சைக்கிளை மிதித்து மேற்கே பேகோபுரத் தெருப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

தண்டாயுதபாணி பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். "அப்பளத்தத்தான சொன்னாரு?" என்றார், உதடு அசையாமல்.

"அப்பளத்தத்தாண்ணே" என்றாள் ரேணுகாம்பாள்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு வரியை நம்பும்படி சொல்ல அவளால் முடியவில்லை.